மருதமரத்துக்குப் பின்னால் வளவு இல்லை

என் வீட்டின் ஆற்றுப் பக்கத்து யன்னல்களை நான் திறப்பதில்லை. அந்த ஆற்றை வெளியூர்க்காரர்கள் மட்டக்களப்பு வாவி என்பார்கள். ஏறாவூரில் அதன் கரையில் இருக்கிற எங்களுக்கு அது ஆறு. எங்கள் பக்கத்தில் வீசுகிற காற்றெல்லாம் அந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது. அதை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே மின்விசிறியைப் போட்டுக்கொண்டு, வியர்க்க வியர்க்க அபாயா தைக்கிற பைத்தியக்காரி நான். யன்னலுக்கு நேரே ஒரு மருதமரம் நிற்கிறது. மரம் நிறைய வௌவால்கள், பழம் தின்கிற பெரிய சாதி. பகலெல்லாம் தலைகீழாகத் தொங்கியபடி ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும். யன்னலைத் திறந்தால் அந்தச் சத்தமும் நாற்றமும் கட்டில்வரை வந்து உட்கார்ந்துவிடும்.

வீட்டுக்கு வருகிற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எப்பிடிகா இதுக்குள்ள இரிக்கிறாய்?" என்று கேட்பார்கள். மூச்சு விட்டுக்கொண்டுதான் என்பேன். மரத்தை வெட்டினால் யன்னலைத் திறக்கலாம்தானே என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் அவர்களுடைய தேநீர் ஆறிப்போகும் என்பதால் சிரித்துவிட்டு இருந்துவிடுவேன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், பெண் எங்கேயும் போகமாட்டாள். மூத்த மகளுக்குக் கல்யாணம் என்றால், உம்மாவும் வாப்பாவும் தாங்கள் இருந்த வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவில் பின்னால் இன்னொரு வீடு கட்டிக்கொண்டு போவார்கள். அடுத்த மகளுக்கு அந்த வீடு. அவர்கள் இன்னும் பின்னால் போவார்கள். எங்கள் வளவு வீதியில் தொடங்கி ஆற்றில் முடிகிறது. நாங்கள் மூன்று பெண்கள். பெரிய ராத்தா வீதி வீட்டில், சின்ன ராத்தா நடு வீட்டில், கடைக்குட்டி நான். வீடுகளுக்கு இடையில் மதில் உண்டு, பக்கத்து ஒழுங்கைப் பாதையில் ஆளுக்கொரு கேற்று. வாப்பா ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து, கடைசியில் ஆற்றில் கால் நனைக்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அந்த இடத்தில் அப்போது இரண்டு மருதமரங்கள் நின்றன. இரண்டிலும் வௌவால்கள் இருந்தன. முன்னால் நின்றதை வெட்டித்தான் எனக்கு வீடு கட்டினார்கள். என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கதவுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்றுகூடக் கல்யாணப் பெண்ணிடம் கேட்பதில்லை. மரம் விழுந்த அன்று வௌவால்கள் நட்டநடுப் பகலில் வளவுக்கு மேலே சுற்றின. சில ஆற்றைக் கடந்து போயின. சில வெளிச்சத்தில் திக்குத் தெரியாமல் வீதிப் பக்கம் தாழப் பறந்து, கரண்ட் கம்பியில் சிக்கிக் கருகித் தொங்கின. அவற்றை எடுக்க ஆள் வரவில்லை. மற்றவை பின்னால் நின்ற மரத்தில் போய் நெருக்கிக்கொண்டன. அந்த மரத்துக்குப் பின்னால் தண்ணீர்தான். என் வீட்டுக்குப் பின்னால் அந்த மரமும் அதே தண்ணீரும்தான்.

என் மகள் பிறந்தபோது என் புருஷன் கட்டாரில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். வாப்பா அதற்கு முந்திய வருடமே மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். வீட்டில் நானும் உம்மாவும் பிள்ளையும்தான். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. காற்றுப் பட்டால் கூடாது என்று உம்மா எல்லாவற்றையும் இழுத்துச் சாத்தினார். சட்டிக் கணக்கில் மருந்துச் சரக்கு அரைத்துக் கறி வைத்துத் தந்தார். உள்ளே ஒரே மஞ்சளும் சாம்பிராணியும் பால் வாசனையும். எனக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் பேய் பிடித்துவிட்டது என்று அதற்கும் ஒரு வைத்தியம் தொடங்குவார்கள் என்று பயந்து கத்தாமல் இருந்தேன்.

யன்னல் பலகையில் ஒரு விரிசல் இருந்தது. அதன் வழியாக மருதமரத்தின் ஒரே ஒரு கிளை தெரியும். அது வௌவால்கள் குட்டி போடுகிற காலம். தாய் வௌவால் குட்டியை நெஞ்சோடு ஒட்டவைத்து இறக்கையால் போர்த்தியிருக்கும். வெக்கை கூடினால் மற்ற இறக்கையை மெதுவாக ஆட்டி விசிறும். பின்னேரம் சில ஆற்றுக்கு மேலே தாழப் பறந்து நெஞ்சைத் தண்ணீரில் தொட்டு எடுத்துக்கொண்டு, திரும்ப வந்து தொங்கி, நனைந்த மயிரை நக்கித் தாகம் தீர்க்கும். குட்டி அப்போதும் தாயில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். இறக்கிவைக்க அதற்கு ஒரு தொட்டில் இல்லை. நான் என் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நாற்பது நாளில் எனக்கு வேறு சினேகிதம் இல்லை. ஒரு தாய்க்கு வருடத்தில் ஒரு குட்டிதான் என்று பின்னால் தெரிந்துகொண்டபோது, அந்தக் கிளையில் பார்த்த ஒவ்வொன்றையும் மனதுக்குள் திரும்ப எண்ணிப் பார்த்தேன்.

அவை நாற்றம் பிடித்தவைதான், நான் மறுக்கவில்லை. எங்கள் ஜம்பு மரத்தில் ஒரு பழத்தை முழுதாக விட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு மாரிக்கும் யன்னலுக்கு மேலிருக்கிற சீமெந்துச் சிலாப்பில் ஆலும் நாவலும் இலுப்பையும் முளைக்கும். எங்கிருந்தோ தின்றுவிட்டு வந்து இங்கே விதைக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே பிடுங்கி, பெரிய ராத்தாவின் புருஷனிடம் கொடுத்துவிடுவேன். அவருக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் வயல் இருக்கிறது, வரம்போரம் நட்டுவைப்பார். நோன்பு காலத்தில் என் மகள் வாசலில் நின்று மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் வௌவால் கிளம்பினதும், "உம்மா, பாங்கு சொல்லப் போகுது!" என்று கத்துவாள். அவள் கத்தி முடிய, பள்ளியில் நோன்பு திறக்கிற மஃரிப் பாங்கு கேட்கும்.

கொரோனா வந்தபோது எல்லாம் மாறியது. அது வௌவாலிலிருந்துதான் வந்தது என்று ஒருவர் சொல்ல, பத்துப் பேர் கைத்தொலைபேசியில் அனுப்ப, ஊரே என் மரத்தைப் பார்த்தது. ஊரடங்கு. ஆண்களெல்லாம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார்கள். வேலையில்லாத ஆணுக்கு ஒரு எதிரி கிடைத்தால் போதாதா? பக்கத்து வளவு ஹாஜியார் நான்கைந்து பொடியன்களைச் சேர்த்துக்கொண்டு எங்கள் கேற்றடிக்கு வந்தார். கையில் யானை வெடி. படுவான்கரையில் வயலுக்குள் யானை இறங்கினால் கொளுத்துகிற சாமான். அது வெடித்தால் யானையே ஓடும். குட்டியோடு தொங்குகிற வௌவால் என்ன ஆகும்?

மரத்தடிக்கு எங்கள் வளவு வழியாகத்தான் போகலாம். ஹாஜியாரின் வளவிலிருந்து கொளுத்தினால் அவருடைய தகரக் கூரைதான் முதலில் பறக்கும். நான் கேற்றுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"தங்கச்சி, கேற்றத் திறங்க. ஊருக்கு நல்லதுக்குத்தான் செய்யிறம்" என்றார் ஹாஜியார்.

வௌவால் பாவம் என்று சொன்னால் சிரிப்பார்கள். அப்போது வாயில் தானாக வந்தது இதுதான்: "வீட்டுல ஆம்பிளை இல்ல ஹாஜியார். உள்ளுக்கு வரப்படா."

அவர் அப்படியே நின்றுவிட்டார். ஆண் இல்லாத வீட்டு வளவுக்குள் அந்நிய ஆண்கள் காலை வைக்க முடியாது. அந்தச் சட்டத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவரே அவர்தான். பொடியன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஹாஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்கட மாப்புள வரட்டும், பேசுவம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அந்த ஒரு வார்த்தையால் நான் எத்தனை இடத்துக்குப் போகாமல் இருந்திருக்கிறேன்! பாசிக்குடாக் கடற்கரைக்கு ராத்தாமார் குடும்பத்தோடு போனபோது நானும் மகளும் போகவில்லை. வீட்டில் ஆம்பிளை இல்லை. தைத்த அபாயாக்களைக் காத்தான்குடிக் கடைக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்க ஆசைப்பட்டேன். வீட்டில் ஆம்பிளை இல்லை. என்னை அடைத்துவைத்த பூட்டு முதல் தடவையாக என் கைக்குள் வந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு கேரளத்தில் வௌவாலால் ஏதோ காய்ச்சல் என்று செய்தி வந்தது, மறுபடியும் வந்தார்கள். மறுபடியும் அதே வார்த்தை. நகரசபைக்காரர்கள் புகை அடிக்க வந்தபோதும் அதே வார்த்தைதான். கடைசியில் அவர்கள் கேற்றைத் தட்டுமுன்பே நான் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

ஒரு நாள் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று எனக்கு விளங்கியது. இந்த மரம் நிற்பது என் புருஷன் ஊரில் இல்லாததால்தான். அவர் வந்தால் மரம் போகும். அவர் வராமல் இருக்க வேண்டும் என்று மனதின் ஏதோ ஒரு மூலை கேட்டுக்கொண்டிருந்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். வருடக்கணக்காக எந்த மனிதருக்காகக் காத்திருக்கிறேனோ, அவர் வரவேண்டாம் என்றா நான் நினைக்கிறேன்? அஸ்தக்ஃபிருல்லாஹ், அல்லாஹ் மன்னிக்கட்டும் என்று சொல்லிக்கொண்டேன். சொன்னபிறகும் அந்த நினைப்புப் போகவில்லை.

அவரும் தொலைபேசியில் ஒவ்வொரு வெள்ளியும் இதையேதான் பேசுவார். "மகளுக்கு அத்திவாரத்தப் போட்டு வெப்பம் புள்ள. ஆத்தடியில மரம் நிக்கிற துண்டு காணும், வேற இடம் தேவையில்ல." எங்கள் ஊரில் பெண் குழந்தைக்குப் பால் பல் விழுமுன்பே அத்திவாரம் போடுவார்கள். பிறகு வருடத்துக்கு நாலு வரி கல் ஏறும். அவள் பெரியவளாகும்போது கூரை போட்டால் சரி. அவர் பாலைவனத்தில் லொறி ஓட்டி உருகுவது அந்த நாலு வரிக் கல்லுக்காகத்தான். அவரிடம் போய் வௌவால் என்று எப்படிச் சொல்வேன்?

மட்டக்களப்பு டவுனில் ஒரு அரச அலுவலகத்தில் கேட்டால் மரத்தைக் காப்பாற்றலாம் என்று கேள்விப்பட்டு, உம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கே இருந்த தம்பி நல்ல பிள்ளை. நான் சொல்லச் சொல்ல முகம் மலர்ந்தது.

"நல்ல விசயம் அக்கா. ஆத்தங்கரையில இருந்து குறிச்ச தூரத்துக்குள்ள மரம் வெட்டவும் ஏலாது, கட்டடம் கட்டவும் ஏலாது. நாங்க வந்து அளந்து கல்லுப் போட்டா ஒருத்தரும் தொட மாட்டாங்க."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவர் பேனையை எடுத்துக்கொண்டு, "மரத்துக்கும் உங்கட வீட்டுக்கும் இடையில எவ்வளவு வரும்?" என்று கேட்டார்.

என் வீட்டுக் கூரையில் அந்த மரத்தின் இலை விழுகிறது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பேனையை மூடிவிட்டார்.

"அக்கா, அளக்க வந்தா ரெண்டையும்தான் அளக்கணும்" என்றார் மெதுவாக. "வீட்ட கதைச்சிட்டு வாங்களன்."

வௌவால்களைக் காப்பாற்றுகிற சட்டம் என் தலைக்கு மேலிருக்கிற கூரையைக் கழற்றுகிற சட்டம். பஸ்ஸில் உம்மா, "என்னவாம்?" என்று கேட்டார். சரிவராதாம் என்றேன். "நான் முதல்லயே சொன்னன்தானே" என்றார். உம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை. நான் வழியெல்லாம் யன்னலோரத்தில் முகத்தை மறைத்துக்கொண்டு வந்தேன்.

என் புருஷன் வந்தார். லீவில் வரவில்லை, கட்டார் வேலைக் கொந்தராத்து முடிந்து, பெட்டி படுக்கையோடு, இனிப் போவதில்லை என்று வந்தார். வான் கேற்றடியில் நின்றதும் மகள் ஓடினாள். நானும் ஓடத்தான் போனேன். தலை நரைத்து, மெலிந்து, அதே சிரிப்போடு அவர் இறங்கியபோது எனக்கு அழுகை வந்தது. அவர் கேற்றை அகலத் திறந்துபோட்டார். நான் மரத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த ஜும்ஆ முடிந்ததும் ஹாஜியார் அவரோடு பேசிக்கொண்டே உள்ளே வந்தார். நேரே மரத்தடிக்குப் போய், இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து பார்த்தார். நான் குசினிக்குள் அடுப்படியில் நின்றேன். கேற்றடியில் சொல்லிவந்த அந்த வார்த்தை இனிச் செல்லாது. மரம் அரிகிற ஆளுக்குச் சொல்லியாகிவிட்டது என்று அன்று சோறு தின்னும்போது அவர் சொன்னார்.

நான் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னேன். "மகளுக்கு மேல மாடி எடுப்பம். மரம் நிக்கட்டும்."

"வௌவாலுக்காகவா புள்ள?"

"ஓம். வௌவாலுக்காகத்தான்."

அவர் என்னை ஒரு புதுப் பெண்ணைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். சிரித்தார். சிரித்ததில் எனக்குத்தான் கோபம் வந்தது. நான் இத்தனை வருடம் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பிள்ளையைத் தனியே வளர்த்தேன், யன்னலைச் சாத்திக்கொண்டு வெந்தேன், இந்த ஒன்றைத்தான் கேட்கிறேன் என்று கத்திவிட்டேன். உம்மா உள்ளேயிருந்து ஸலவாத்து ஓதுகிற சத்தம் கேட்டது.

மேசன் வந்து பார்த்தார். தரையைக் குதிக்காலால் தட்டினார். அறைச் சுவரில் கீழிருந்து மேலே ஓடுகிற வெடிப்பில் விரலை வைத்தார். "கீழ அண்டைக்கு வெட்டின மரத்துட வேர் உக்கிப் போய்ட்டு. உள்ளுக்குக் கோறை. மேல ஒரு கல்லு வெக்க ஏலா" என்றுவிட்டுத் தேநீரைக் குடித்துப் போய்விட்டார்.

"அப்ப இந்த வீட்டயே மகளுக்கு எழுதுவம்" என்றேன்.

"மறுகா நாம எங்க போற? பின்னால ஆறுதான் இரிக்கி."

"குசினியோட ஒட்டி ஒரு அறை போட்டா நமக்குக் காணாதா?"

சில நாட்கள் தொலைக்காட்சிதான் பேசியது, அதுவும் உச்சச் சத்தத்தில். மருமகன் வருகிற வீட்டில் மாமனார் குசினி மூலையில் கிடப்பதா என்று அவருடைய உம்மா வந்து என்னைக் கேட்டுவிட்டுப் போனார். ராத்தாமார் இரண்டு பேரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். மரம் அரிகிறவர் இரண்டு தடவை அவர் வெளியே போயிருந்த நேரம் வந்து, வீட்டில் ஆம்பிளை இல்லை என்று திரும்பிப் போனார். நான் வௌவால்களைப் பார்க்கவே பயந்து அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன்.

ஒரு பின்னேரம் மகள் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசலில் கதிரை போட்டு உட்காரவைத்தாள். பாங்கு நேரம். வௌவால்கள் ஒன்றிரண்டாகக் கிளம்பி, பிறகு மொத்தமாக எழும்பி, ஆற்றுக்கு மேலே நீளமாகப் போயின. வானம் முழுக்க இறக்கை. அவர் அண்ணாந்து பார்த்தபடி கடைசி வௌவால் போகும்வரை இருந்தார். தொழுகைக்கே பிந்திப்போனார். மறுநாள் ஹாஜியாரோடு கேற்றடியில் பேசுவது குசினிக்குக் கேட்டது. "நிக்கட்டும் ஹாஜியார். எனக்கு ஒரே மகள். இந்த வீடு அவளுக்குக் காணும்."

நான் அடுப்படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் சிரித்தேன். பிறகு அவருக்கு ஆட்டிறைச்சிக் கறி வைத்தேன். அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் நான் இந்த வீட்டில் இருந்த நல்ல மாதங்கள். வீட்டுக்கு வருகிறவர்களை அவர் மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், "வருசத்துக்கு ஒரு குட்டிதான் தெரியுமா?" என்று தானே கண்டுபிடித்த மாதிரிச் சொல்வார். நான் வாயைப் பொத்திக்கொண்டிருப்பேன்.

அந்த வருடம் நோன்பு முடிந்து எனக்குத் தலை சுற்றியது. இந்த வயதிலா என்று ராத்தாமார் கேலி பண்ணினார்கள். ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுக்க மட்டக்களப்புக்கு எல்லோரும் வந்தார்கள். அவர், உம்மா, மகள், பெரிய ராத்தா. குளிர்சாதன அறையில் வயிற்றில் பசையைத் தடவி, டொக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே, "பெண்பிள்ளை. நல்லா இருக்கிறா" என்றார்.

அவர் வாய்நிறைய அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். உண்மையான சந்தோஷம், அவர் முகம் பொய் சொல்லத் தெரியாத முகம். எனக்கும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். என் வயிற்றுப் பிள்ளை அது, கைகால் அசைத்துக்கொண்டிருந்தது. எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த மரம். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை, குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

ஆண்பிள்ளை இல்லையென்று அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ராத்தா என் தலையைத் தடவினாள். அல்லாஹ் தருகிறதைச் சந்தோஷமாக வாங்க வேணும் என்று உம்மா அதட்டினார். அவர் குனிந்து என் கண்ணைத் துடைத்துவிட்டு, நான் உலகத்தில் கேட்ட குரல்களிலேயே அன்பான குரலில் சொன்னார்.

"அழாத புள்ள. இவளுக்கும் ஒரு வீடு கட்டலாம். ஆத்தடியில இடம் இரிக்கிதானே."